ரூஃபஸ் அங்கிளின் இண்டர்வியூ

மெட்டுகுடா, செகந்திராபாத்
25-6-1989, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் மோசஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம். பஹ்ரைனில் நீயும் செலினும் பாப்பா யூனிஸும் அப்படியே இருக்கும்படி தினமும் காலையில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். இந்த வருஷம் மழை சீக்கிரமே வந்துவிட்டது, கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் காயவில்லை. அப்பாவுக்கு சுகர் ஏறியிருக்கிறது, மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சாப்பிட்டாகிவிட்டது என்கிறார், துணி மடிக்கும்போது எட்டு மாத்திரை கிடைத்தது. ஆவக்காய் போட்டு ஜாடியில் கட்டி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். பாப்பாவுக்குப் பல் முளைக்கும்போது வயிறு போனால் பயந்து டாக்டரிடம் ஓடாதீர்கள், கொதித்து ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து அடிக்கடி கொடுங்கள். நல்ல சேதி இத்தோடு முடிந்தது. இனி வருவதை நீ எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்காதே, பாதியில் சலித்து மடித்து வைத்துவிடுவாய். செலினை வாசிக்கச் சொல்லிக் கேள், நாசரேத்துப் பெண், தமிழில் படித்தவள், என் கையெழுத்தும் அவளுக்குப் பழகிவிட்டது. அவள் காதிலும் இது விழட்டும்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தில் ரூஃபஸ் அங்கிள் ரிட்டயர் ஆகிவிட்டார், வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் ஜெனரல் மானேஜர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார், நீங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் கிடைத்துவிடும், அவர் நம் குடும்பத்துக்கு எவ்வளவு செய்திருக்கிறார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, அவருக்கு அந்த வேலை கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். வேண்டுமென்றே செய்தேன். அவர் உனக்கு எழுதுவார், அல்லது டிரங்க் கால் போட்டு அழுவார், அதற்கு முன்னால் என் வாயால் நீ கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ என்ன வசனத்தை எடுத்துக்காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், அதை உனக்கு மனப்பாடம் பண்ணி வைத்தவளே நான்தான்.

உனக்குத் தெரிந்ததையெல்லாம் முதலில் ஒத்துக்கொள்கிறேன். அப்பாவும் அவரும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கொயரில் ஒரே பெஞ்சில் நின்று பாடியவர்கள். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது உன்னைக் கையில் வாங்கி நின்ற ஞானத்தகப்பன் அவர். நீ பத்தாவது பாஸ் பண்ணியபோது ஏறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட அந்தப் பச்சை சைக்கிள் அவர் வாங்கிக் கொடுத்தது. தான் வேலை பார்க்கும் சர்க்கார் ஃபாக்டரியில் புதிதாகக் கம்ப்யூட்டர் செக்ஷன் ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் போகிற கார்டில் துளை போடப் பெண்கள் வேண்டும் என்று 1967இல் நம் வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர்தான். சொன்னார், அவ்வளவுதான். பரீட்சை எழுதியது நான், அறுபது பேரில் முதலாவதாக வந்ததும் நான். அன்றிலிருந்து எனக்கு அவர் கோயிலில் அண்ணன், ஆபீஸில் சார். கார்டில் துளை போட வந்தவள் ராத்திரியும் பகலும் புத்தகம் படித்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஃபாக்டரி ஸ்டோரில் இருந்த முப்பத்தோராயிரம் உதிரி பாகத்துக்கும் ஒரு பட்டியல் போட்டு, எது குறைகிறது எது தேவையில்லாமல் குவிந்து கிடக்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்லும்படி செய்தேன். அது ஓட ஆரம்பித்த அன்று டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு அதை விளக்கிச் சொன்னவர் அவர். நான் பக்கத்து அறையில் அட்டைக் கட்டுகளை வரிசை கலையாமல் ரப்பர் பாண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அதுகூட எனக்கு வருத்தமாக இல்லை, நம்ம அண்ணன்தானே என்று இருந்தேன்.

1974இல் அப்பா மஞ்சள் காமாலையில் ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும், உனக்குப் பன்னிரண்டு வயது. தினமும் சாயங்காலம் அவர் வருவார். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுக் கட்டிலோரம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவார். நான் ஷிப்ட் முடித்துப் புடவைகூட மாற்றாமல் ஓடி வந்து பெட் பான் எடுப்பதைப் பார்ப்பார். "கனகம், எப்படிம்மா ரெண்டையும் சமாளிக்கிறே, உன்னை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லை" என்பார். எனக்கு அழுகையே வந்துவிடும், ஆறுதல் சொல்ல ஒருத்தராவது இருக்கிறாரே என்று. அப்பா படுத்திருந்த மூன்று மாதத்தில் நான் எடுத்த லீவு ஒன்பது நாள். அடுத்த வருஷம் ஆபீசர் கிரேடில் மேலே ஒரு இடம் வந்தது, எனக்குக் கிடைக்கவில்லை. 78இல் வந்தது, இல்லை. 81இல் வந்தது, அப்போதும் இல்லை. மூன்று தடவையும் நான் பக்கத்தில் உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ரூஃபஸ் அண்ணன் நம் வீட்டுக்கு வந்து, "நான் என்னம்மா செய்வேன், மேலே கேக்க மாட்டேங்கிறாங்க, ஜெபம் பண்ணுவோம்" என்று சொல்லி என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

இப்போது நான் யாருக்கும் சொல்லாத சங்கதி வருகிறது. ஃபாக்டரியில் வருஷா வருஷம் மேலதிகாரி தனக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி ரகசியமாக ஒரு அறிக்கை எழுதி மேலே அனுப்புவார். சி.ஆர். என்பார்கள். நம்மைப் பற்றித்தான் எழுதுவார்கள், ஆனால் அது நம் கண்ணில் படாது, இரும்பு பீரோவில் பூட்டியிருக்கும், அதை வைத்துத்தான் பிரமோஷன். 1985இல் இந்த அறிக்கைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாய் திறக்காத ஆள் வேண்டும் என்று ரூஃபஸ் சார் என்னைப் போட்டார். "கனகம்கிட்ட கொடுத்தா கிணத்துல கல்லைப் போட்டமாதிரி" என்று பர்சனல் ஆபீசரிடம் என் எதிரிலேயே சொன்னார். பீரோவைத் திறந்து எல்லா ஆபீசர்களின் ஃபைலையும் என் மேஜையில் அடுக்கச் சொன்னார், தன்னுடைய ஃபைலை மட்டும் மறக்காமல் உருவித் தன் டிராயரில் வைத்துப் பூட்டினார். என்னுடையதை எடுக்கவில்லை. நானும் ஒரு ஆபீசர்தான் என்பதே அந்த மனுஷனுக்கு ஞாபகம் வரவில்லை மோசஸ். நாலாவது நாள் சாயங்காலம், எட்டு ஃபைல் முடித்து ஒன்பதாவதைத் திறந்தேன், என் போட்டோ. 74இலிருந்து 84 வரை பதினோரு வருஷ அறிக்கை, எல்லாம் அவர் கையெழுத்தில். அவர் இங்கிலீஷில் எழுதியிருந்ததை உனக்குத் தமிழில் தருகிறேன், தமிழில் படித்தால்தான் சுடும். "மேற்பார்வையின் கீழ் நன்றாக வேலை செய்வார். கணவரின் உடல்நிலையும் வீட்டுச் சூழ்நிலையும் காரணமாகப் பொறுப்பான பதவிக்கு ஏற்றவர் அல்ல." பதினோரு வருஷமும் அதே வரி. அப்பா குணமாகி வேலைக்குப் போய் பத்து வருஷம் ஆனபிறகும் அதே வரி. ஜெபம் பண்ண வந்த இடத்தில் பார்த்ததைக் கொண்டுபோய் எழுதியிருக்கிறார்.

அன்றைக்கு நான் நினைத்திருந்தால் அந்த வரிக்குக் கீழே அவர் போட்டிருந்த மதிப்பெண்ணை மாற்றிப் போட்டிருக்கலாம், கேட்பாரில்லை. போடவில்லை. அவர் கொடுத்ததை அப்படியே ஒரு எண் பிசகாமல் ஏற்றிவிட்டு, பீரோவில் ஃபைலை வைத்துப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். "முடிஞ்சுதாம்மா, நல்ல பிள்ளை" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்தான் வேதபாடம் வாசித்தார், என்ன வாசித்தார் என்று என் காதில் விழவில்லை, அந்தக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அவருடைய ஒரே சிநேகிதம் போய்விடும். உன்னிடமும் சொல்லவில்லை, நீ ஊர் விட்டுப் போகத் தயாராகிக்கொண்டிருந்தாய், ஞானத்தகப்பன் ஞானத்தகப்பன் என்று உயிரை விடுவாய். ஆனால் மனசுக்குள் ஒரு முடிவு பண்ணிவிட்டேன், ஒருநாள் இந்த ஆள் என் எதிரில் உட்காருவார், அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று.

பத்தொன்பது வருஷ சர்வீஸை உதறிவிட்டு நான் ராஜினாமா கொடுத்ததும் நீ கோபமாகக் கடிதம் எழுதினாய், சர்க்கார் வேலையை விட்டுவிட்டு யாராவது மாடிவீட்டுக் கம்பெனியில் சேருவார்களா என்று. மாடிவீடுதான். ஹப்சிகுடாவில் கீழே மருந்துக்கடை, மேலே மூன்று அறை. ஜகதீசன் என்று நம் தமிழ் ஆள், பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் சயண்டிஸ்ட் வேலையை விட்டுவிட்டு சொந்தமாகப் புரோகிராம் எழுதி விற்கலாம் என்று ஆரம்பித்தவர். போர்டுகூட மாட்டவில்லை, நான் முதலில் டியூஷன் சென்டர் என்று நினைத்துத் திரும்பப் பார்த்தேன். அவருக்கு ஒரே ஒரு சட்டம், யார் வேலை கேட்டு வந்தாலும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து ஒரு வேலையை முடித்துக் காட்ட வேண்டும், சர்டிபிகேட் எல்லாம் அப்புறம்தான். எனக்கு நாற்பத்தைந்து வயது, ஃபாக்டரியில் ரூம் நிறைய இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்தான் பழக்கம், மேஜைமேல் வைக்கிற சின்ன கம்ப்யூட்டரைத் தொட்டதேயில்லை. சுவிட்சைப் போட்டதும் அது இன்றைக்குத் தேதி என்ன என்று கேட்டு நின்றுவிட்டது. அங்கே வேலை பார்க்கும் கல்பகம் என்ற பெண், உன்னைவிட இரண்டு வயது சின்னவள், எட்டிப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, அது சும்மா கேக்கும், எண்டர் மட்டும் அடிங்க, போயிடும்" என்றாள். அடித்தேன், போய்விட்டது. பிறகு முழுவதையும் முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு, ஒரு தப்பில்லாமல் அடித்து முடித்தபோது இன்னும் பதினைந்து நிமிஷம் மிச்சமிருந்தது. ஜகதீசன் சம்சாரம் சாவித்ரி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தாள். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஜகதீசன் கேட்டார், நீங்கள் கதவைச் சாத்தும்வரை என்றேன். மூன்று வருஷம் ஆகிறது. பதினாலு பேர் இருக்கிறோம், ஸ்டோர் வேலை எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். யாரும் எனக்கு மேலே உட்காரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ரூஃபஸ் சாரின் மனு வந்தது. எங்களுக்கெல்லாம் மேலே ஜெனரல் மானேஜர். ஃபாக்டரியில் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஸ்டோர் முழுவதையும் புதிதாக எழுதப்போகிறார்கள், அந்த வேலையை வாங்கிவருகிறேன் என்று மனுவிலேயே ஜாடையாக எழுதியிருந்தார். ஜகதீசனுக்கு வாயெல்லாம் பல். புரிகிறதா மோசஸ், நான் எழுதிய புரோகிராமை நானே மறுபடி எழுதுவேன், அவர் மறுபடியும் எனக்கு மேலே உட்கார்ந்து என்னைப் பற்றி மறுபடியும் ஒரு வரி எழுதுவார். இதற்காகவா நான் மாடிப்படி ஏறினேன். இண்டர்வியூவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பங்கனபள்ளி மாம்பழம் ஒரு கூடையோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு ஒரே குஷி, சுகரை மறந்துவிட்டு இரண்டு பழம் தின்றார். நான் காபி போடவில்லை, பால் திரிந்துவிட்டது என்றேன். "நக்கோ கனகம், அதெல்லாம் எதுக்கு, நாளைக்கு நீயும் இண்டர்வியூ போர்டுல இருக்கியாமே, எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதானே" என்று சிரித்தார். ஆமாம் சார் என்றேன். அவர் போனபிறகு அப்பாவை உட்காரவைத்து அந்த வரியைச் சொன்னேன். அப்பா, "ரூஃபஸா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு எழுந்துபோய் மாம்பழக் கூடையை எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை பதினேழாம் தேதி பத்து மணிக்கு வந்தார், கோட் போட்டுக்கொண்டு. போர்டில் ஜகதீசன், கல்பகம், நான். அரைமணி நேரம் தன் அனுபவத்தைச் சொன்னார், இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் செக்ஷனைக் கட்டி ஆண்டதைப் பற்றி, முப்பத்தோராயிரம் உதிரி பாகத்தைப் பற்றி. நான்தான் செய்தேன் என்று நான்கு தடவை சொன்னார், எண்ணிக்கொண்டிருந்தேன். ஜகதீசன் எழுந்து கை குலுக்கப் போனார். நான் ஒரு மணி நேரப் பரீட்சை பாக்கி இருக்கிறது என்றேன். "மேடம், அவருக்குப் போய் டெஸ்ட்டா, பெரியவர்" என்று ஜகதீசன் காதோரம் சொன்னார். எனக்கு வைத்தீர்களே சார், இவருக்கு வைக்காவிட்டால் நாளைக்கு வருகிறவனுக்கு எந்த முகத்தோடு வைப்பீர்கள் என்று நான் சத்தமாகவே சொன்னேன். ரூஃபஸ் சாரும் பெருந்தன்மையாக, "கைக்கு, எதுக்கு யோசிக்கிறீங்க ஜகதீசன், தாராளமா வைங்க" என்றார். இருநூறு சாமான் உள்ள ஒரு பட்டியல், அதில் இருப்புக் குறைந்தவற்றை மட்டும் பிரித்து அச்சடித்துத் தர வேண்டும், அவ்வளவுதான். அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தோம். வேடிக்கை என்னவென்றால், இருபத்திரண்டு வருஷமும் அவர் நோட் எழுதினார், கையெழுத்துப் போட்டார், மீட்டிங் போனார், ஒருநாள்கூட விசைப்பலகையில் கை வைத்ததில்லை. அது எனக்குத் தெரியும், ஜகதீசனுக்குத் தெரியாது.

தேதி என்ன என்று அது கேட்டது. அவர் ஒரு விரலால் தேடித்தேடி, ஃபைலில் கையெழுத்துப் போடுகிற பழக்கத்தில், முதலில் தன் இனிஷியலை அடித்து அப்புறம் 17-6-89 என்று அடித்தார். தப்பு என்றது. இனிஷியலுக்குப் புள்ளி வைத்து அடித்தார், தப்பு. கடைசியில் இனிஷியலை விட்டுவிட்டு வெறும் தேதியை அடித்தார், அதற்கும் தப்பு என்றது, அந்த மிஷினுக்கு மாதத்தை முன்னால் போட வேண்டும். கால் மணி நேரம் அப்படியே போனது. ஜகதீசன் போன் வந்து உள்ளே போய்விட்டார், கல்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாக, "கனகம், இது என்னம்மா கேக்குது" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, அவருடைய காலர் ஓரம் நனைந்திருந்தது. எண்டர் மட்டும் என்ற இரண்டு சொல்தான், வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று மேஜைமேல் இருந்த அவருடைய மனுவைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் நீ வேலை பார்க்கும் பாங்கின் பெயர் அச்சடித்த தாளில் உன் கையெழுத்து.

அவருக்கு நீ எழுதிக்கொடுத்த நற்சான்று. எனக்கு அனுப்பிய கடிதத்தில் இதைப் பற்றி நீ ஒரு வரி சொல்லவில்லை. எவ்வளவு அழகான இங்கிலீஷ், எத்தனை பெரிய வார்த்தைகள். மூன்றாவது பாராவில் எழுதியிருந்தாய், "என் தாயாரை ஒரு பஞ்ச் ஆபரேட்டரிலிருந்து புரோகிராமராக உருவாக்கியவர் இவரே. இவருடைய மேற்பார்வை இல்லாவிட்டால் என் தாயார் இன்றைய நிலைக்கு வந்திருக்க முடியாது." இரண்டு தடவை படித்தேன். அவர் எழுதியதைப் படித்த அன்றுகூடக் கண்ணில் தண்ணீர் வரவில்லை எனக்கு. தாளை மூடி வைத்துவிட்டு, அது கேட்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும் சார், நீங்கள்தானே இருபத்திரண்டு வருஷம் மேற்பார்வை பார்த்தவர் என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி முடியும்வரை அது தேதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள், அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நியாயமா என்று கேட்காதே. அது பழி, நியாயம் என்று நான் சொல்லவேயில்லை. அவர் படியிறங்கிப் போனபிறகு கல்பகம், "நீங்க சொல்லிருவீங்கன்னு நினைச்சேன் மேடம்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

திங்கட்கிழமை ஜகதீசன் என்னைக் கூப்பிட்டு, "மேடம், மிஷின் தெரியாட்டா போகுது, ஃபாக்டரி ஆர்டர் வருமே, உங்களுக்கும் அவருக்கும் பழைய பகை ஏதாவது இருக்கா" என்றார். இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவரை எடுங்கள், ஆனால் இரண்டாவது தடவை அந்த ஆளுக்குக் கீழே உட்கார மாட்டேன், என் ராஜினாமாவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர ராத்திரி தூக்கம் இல்லை, நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு மாடிப்படி ஏற எனக்கு முழங்கால் இல்லை. ஒன்றரை நாள் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து, உங்களைத் தேர்ந்தெடுக்க இயலாததற்கு வருந்துகிறோம் என்று ரூஃபஸுக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள் என்றார். நானே டைப் அடித்தேன், நானே ஸ்டாம்ப் ஒட்டினேன், ஹப்சிகுடா போஸ்ட் ஆபீஸ் வரை நடந்துபோய் நானே போட்டேன். ஃபாக்டரி ஆர்டர் கையைவிட்டுப் போனாலும் போகலாம். அடுத்த வாரம் கல்பகத்தைக் கூட்டிக்கொண்டு நானே போய்க் கேட்கப்போகிறேன், கிடைத்தால் சரி.

இன்றைக்குக் கோயிலில் அப்பா கொயர் பெஞ்சுக்குப் போகவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், பாட்டைக்கூட முணுமுணுத்தாரே தவிர வாய் விட்டுப் பாடவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ரூஃபஸ் அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "கனகம், நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா" என்றார். நீங்களும் அந்த வரியை ஒரு வருஷமாவது வேறு மாதிரி எழுதியிருக்கலாம் அண்ணா என்றேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். எந்த வரி என்று கேட்கவில்லை. மன்னித்துக்கொள் என்றும் சொல்லவில்லை. "எப்பப் படிச்சே" என்று கேட்டார். நீங்கள்தானே சாவி கொடுத்துப் பீரோவைத் திறக்கச் சொன்னீர்கள் என்றேன். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்பா என் கையைப் பிடித்து, "வா கனகம், ரிக்ஷா நிக்குது" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலை போனதைவிட அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இனி உன் சமாச்சாரம். அவர் உனக்கு எழுதினால் பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், அவர் உன் ஞானத்தகப்பன், அதை நான் வெட்டிவிட முடியாது. ஆனால் உன் நற்சான்றை ஜகதீசனிடம் கேட்டு வாங்கி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், இனி அது எந்த ஃபைலிலும் இருக்கக்கூடாது. அவர் என்னைப் பற்றி எழுதியது பொய் என்று அவருக்கே தெரியும், அதனால் அவர்மேல் எனக்கு வெறும் கோபம்தான், இன்றோடு அதில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. நீ எழுதியதை நீ உண்மை என்று நம்பி எழுதியிருக்கிறாய். நான் ராத்திரி புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தபோது எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை நீ. உனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தது யார், இன்றைக்கு உன்னை பாங்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்திருக்கும் கோபோல் பாஷையை ஃபாக்டரிக் காகிதத்தின் பின்பக்கம் எழுதி எழுதிக் காட்டியது யார். அது உனக்கு ஞாபகம் வராமல் சைக்கிள் ஞாபகம் வந்ததே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பாப்பாவுக்கு என் முத்தம். செலினை ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக வரவிடாதே, நீ போய்க் கூட்டிக்கொண்டு வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்ளட்டும், உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். ஒரே ஒரு காரியம், மறக்காதே. வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி ஒருத்தர்கூடக் காகிதத்தில் ஒரு நல்ல வார்த்தை எழுதியதில்லை. அதே பாங்குத் தாளில், அதே பேனாவால், உன் அம்மாவுக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதி அனுப்பு. பெரிய இங்கிலீஷ் வேண்டாம், இரண்டு வரி போதும், நான் அதை யாரிடமும் காட்டப்போவதில்லை. ஆனால் உனக்கு உண்மையிலேயே தெரிந்ததை மட்டும் எழுது. ஒன்றும் தெரியவில்லையென்றால் வெறும் தாளை மடித்து அனுப்பு, புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கனகமணி ஐசக்